முனிராஜின் பர்மெண்ட்

அன்று காலை ஆறரை மணிக்குத் தொலைக்காட்சியில் ஆட்டம் தொடங்கிவிட்டது. முனிராஜ் வரவில்லை. ஏழு மணிக்கு அவருடைய மகள் வாசலில் வந்து நின்று, "மேடம், அப்பா இனிமே மேட்ச்சுக்கு வரமாட்டாரு" என்றாள். "அதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கடிந்துகொண்டேன். அவள் அழத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. நான் சொன்ன எதையும் திரும்பப் பெறும் வழக்கம் எனக்கில்லை. அந்தக் கேள்வியை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நம் ஓய்வுபெற்றோர் மன்றத்தில் முனிராஜை அறியாதவர் இல்லை. தேன்கனிக்கோட்டைக்காரர். பதினோரு ஆண்டுகள் கான்ட்ராக்டில் இருந்த பிறகே நம் தொழிற்சாலை அவரை நிரந்தரமாக்கியது. அதற்காக அவர் போட்ட மனுக்களின் ஆங்கிலத்தைத் திருத்தியவள், அப்போது மேலாளரின் செயலாளராக இருந்த நான்தான்.

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகன், தனக்காக ஒரு விளையாட்டுச் சேனலுக்குச் சந்தா கட்டிவிட்டுப் போனான். அதைப் பார்க்க வந்தவர் முனிராஜ். கூடைப்பந்து எனக்குப் பிடிக்காது. வளர்ந்த ஆண்கள் பத்துப் பேர் ஒரு பந்துக்கு அடித்துக்கொள்வதை இறை வணக்க நேரத்தில் பார்ப்பானேன்? ஆனால் முனிராஜ் நடுவரைத் தெலுங்கில் திட்டுவார், ஆட்டக்காரரைக் கன்னடத்தில் கொஞ்சுவார், என்னிடம் தமிழில் மன்னிப்புக் கேட்பார். அதற்காக உட்கார்ந்திருப்பேன்.

யார் வென்றார்கள் என்பது அவருக்கு முக்கியமில்லை. யாருக்கு வேலை நிலைத்தது என்பதே முக்கியம். டெஸ்மண்ட் என்ற ஓர் ஆட்டக்காரப் பையனை அவனுடைய கல்லூரி நாளிலிருந்தே கவனித்து வந்தார்.

"நாலு வருசம் காலேஜ்ல உயிரக் குடுத்து ஆடினான் மேடம். டிராஃப்ட்ல ஒருத்தனும் எடுக்கல."

"இப்போ யாரு டிராஃப்ட் எடுக்கறாங்க? எல்லாம் போன்லயே அனுப்பிடறாங்களே."

"பேங்க் டிராஃப்ட் இல்லைங்க மேடம். ஆளெடுப்பு. நம்ம கேம்பஸ் இன்டர்வியூ மாதிரி."

பிறகு ஓர் அணி டெஸ்மண்டைப் பத்து நாள் ஒப்பந்தத்தில் எடுத்தது. மறுபடியும் பத்து நாள். அப்புறம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. "பத்து நாளா! நம்ம ஊர்லகூட கான்ட்ராக்ட்காரனுக்கு பிரேக் குடுத்து வெளிய நிறுத்த ஆறு மாசம் ஆகுமே" என்று கொதித்தவர், மறுநாள் வெள்ளைத் தாளோடு வந்தார். அணி நிர்வாகத்துக்கு மனு.

மேற்படி தொழிலாளியின் பணி நிரந்தரம் குறித்து எழுதினேன். "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று முடிக்கச் சொன்னார். கன்னியாஸ்திரீகளிடம் ஆங்கிலம் படித்த கை அதை எழுதாது என்றேன்.

"அது இல்லன்னா மனுவே இல்லைங்க மேடம்."

எழுதினேன். அவ்வளவுதான் சொல்வேன்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. "அன்புள்ள குட்டி ரசிகரே" என்று தொடங்கிய கடிதம், ஒரு ஸ்டிக்கர், வண்ணம் தீட்ட ஒரு கரடிப் படம். எழுபத்தொரு வயது மனிதருக்கு! நான் கண்டனக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முனிராஜ் தடுத்தார்: "உடுங்க மேடம். நம்ம மேனேஜ்மென்ட் என்னைக்காவது பதில் போட்டுச்சா?" அதை லேமினேட் செய்து வைத்துக்கொண்டார்.

டெஸ்மண்டின் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் ஒரு நோட்டில் எழுதுவார். "பர்மெண்ட் இல்லை" என்று எழுதும்போதெல்லாம் நான் சிவப்பு மையில் "பர்மனென்ட்" என்று திருத்துவேன். நல்ல தமிழில் "நிரந்தரம்" என்றே எழுதலாமே என்றும் சொன்னேன்.

"நிரந்தரம் சாமி ஒண்ணுதாங்க மேடம். பர்மெண்ட்னா பி.எஃப் புடிப்பாங்க."

காரியம் முடிந்ததும் அவர் மனைவி அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் முனிராஜ் டெஸ்மண்ட் என்று எழுதி, எதிரே இடம் விட்டிருந்தார்.

போன வாரம் காலை ஆறரைக்கு நானே தொலைக்காட்சியைப் போட்டேன். வேறோர் அணி டெஸ்மண்டை மூன்று ஆண்டுகளுக்கு எடுத்திருப்பதாகச் சொன்னார்கள். மூன்று ஆண்டு நிரந்தரம் ஆகாது. பி.எஃப் பிடிப்பார்களா என்பதும் தெரியவில்லை.

இருந்தாலும் நோட்டை எடுத்து, அவர் விட்டுப்போன இடத்தில் நீல மையில் "பர்மெண்ட்" என்று எழுதினேன். நோட்டு என்னிடமே இருக்கிறது. அந்தச் சொல்லை நான் திருத்தப் போவதில்லை.