நாலாவது தகடு

சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளைச் செங்கம் ரோட்டில் எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் வந்து அதன் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வெள்ளைக்காரர்கள் என்றால் குனிந்து படம் எடுப்பார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் சித்திக்கு அதில் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. "எல்லாரும் முன்னாடிதான் பாக்கறாங்க. பின்னாடி சீட்டு எப்படிக் குத்துதுன்னு ஒருத்தரும் கேக்கல" என்பார்.

வண்டியின் எஞ்சினும் உடம்பும் எல்லோர் வீட்டிலும் இருந்த சாதாரண வண்டியினுடையவைதான். முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்துக்கொண்டு நிற்கும் கால்கள் மட்டும் வேறு. அதற்கு ஃபோர்க் என்று பெயர். இந்தக் காலத்து ஃபோர்க்கில் ஸ்பிரிங் குழாய்க்குள் ஒளிந்திருக்கும். இதில் பெரிய ஸ்பிரிங் ஒன்று நட்டநடுவே வெளியே தெரியும்படி நிற்கிறது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது சுருங்கி விரிவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அந்த ஃபோர்க்கைத் தேடி சித்தப்பா அலைந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ரமணாசிரமத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய கடை வைத்து, பழைய வண்டிகளை வாங்கி, கேட்கிறவர்களின் விருப்பப்படி உருமாற்றிக் கொடுப்பது அவர் தொழில். ஊராருக்கெல்லாம் செய்துகொடுத்தவர் தனக்கென்று ஒன்று செய்ய ஆரம்பித்தார். எல்லாம் தயாராகிவிட்டது. முன்பக்கம் மட்டும் அமையவில்லை.

சென்னையில் பழைய சாமான் விற்கும் தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "எல்லாம் புதுசா அடிச்ச டூப்ளிகேட். கண்ணாடி மாதிரி மின்னுது" என்றார். வேலூரில் இரும்புக் கடையில் உண்மையிலேயே பழையது ஒன்று இருந்தது. ஒரு கால் லேசாகக் கோணல் என்று விட்டுவிட்டார். ஆசிரமத்துக்கு எதிரே வாடகைக்கு இருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன்னிடம் இருந்ததைத் தருவதாகச் சொன்னார். அது ரொம்ப நீளமாம். வண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்குமாம்.

"பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்ளோ கொற சொல்ல மாட்டான்" என்று அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் அவருக்கு வேலை. ஜனங்கள் சொல்வது உண்மையா பொய்யா என்று பார்ப்பதுதான் அவருடைய செக்ஷன். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவர் என்பதால் வீட்டிலும் அதை அவரால் கழற்றி வைக்க முடியாது. பால் தண்ணியா இருக்குதே என்பார். தக்காளிக்காரன் ஏன் இன்னிக்குச் சிரிச்சான் என்பார்.

இந்த நிலையில்தான் வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை வியாபாரி ஒருவர் மூலமாகப் போளூர் பக்கத்துக் கிராமத்து நயினார் வீடு ஒன்றைப் பற்றித் தகவல் வந்தது. நயினார் என்றால் எங்கள் பக்கத்தில் சமணர்கள். அந்த வீட்டு மாட்டுக்கொட்டகைப் பரணில் வெள்ளைக்காரன் காலத்து வண்டி ஒன்று பிரித்துக் கிடக்கிறது என்றார்கள். சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். வெறுங்கையோடு திரும்பினார். ஆனால் முகம் வெறுமையாக இல்லை. அடுத்த வாரமும் போனார். அப்போதும் வெறுங்கைதான்.

"ஃபோர்க் இருக்குதா இல்லியா?" என்று அப்பா கேட்டார்.

"இருக்குது. வண்டியோட சேக்கறதுக்கு நாலு தகடு வேணும். மூணுதான் இருக்குது. ஒண்ணு எங்கியோ மாட்டிக்கிச்சு. தேடறாங்க."

"ஒரு தகடுதானே? லேத்துல குடுத்தா அரை நாள்ல அடிச்சுக் குடுத்துடுவான்."

"ஒரிஜினல் மாதிரி வராதுண்ணா. முழு வெயிட்டும் தாங்கற எடம். உயிரு விஷயம்."

"சரி, கிடைச்சுதான்னு போன்ல கேட்டா தெரியாதா? நேர்லயே போகணுமா?"

சித்தப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார். அப்பா என்னைப் பார்த்தார். மூன்றாம் முறை சித்தப்பா கிளம்பியபோது, "பாப்பாவும் வரட்டும். லீவு நாள்ல வீட்ல இன்னா பண்ணப் போறா" என்றார். வாசலில் என் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் குனிந்து, "கண்ண நல்லா தொறந்து வெச்சுக்க" என்று காதில் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பெருமை. சித்தப்பா மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ மிகவும் சந்தோஷமாக, கடையில் கிடந்த வேறொரு வண்டியின் டேங்க்மேல் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டார். குழந்தையோடு வருகிறவனை எந்த வீட்டிலும் உட்காரச் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பெரிய வீடு அது. பெரியவர் ஒருவரும் அவருடைய மகளும்தான் இருந்தார்கள். அந்த அக்கா படிப்பை முடித்துவிட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி, வடிகட்டிய தண்ணீரைத்தான் செம்பில் பிடித்துக் கொடுத்தாள். தண்ணீரில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு முதல் சந்தேகம் அங்கேயே வந்தது. பூச்சி புழு செத்துவிடக் கூடாது என்பதற்காக என்று சித்தப்பா சொன்னார். இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும் என்பது இரண்டாவது சந்தேகம்.

கொட்டகையில் கோணியை விரித்து ஃபோர்க்கை மூன்று தகடுகளோடு வைத்திருந்தார்கள். துருவும் சாணிப்புழுதியும் படிந்து கறுப்பாகக் கிடந்தது. சித்தப்பா மண்டியிட்டு ஒரு நூலை இழுத்துப் பிடித்து, இரண்டு கால்களும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தார். போன தடவையும் பார்த்திருப்பார், அதற்கு முந்தின தடவையும் பார்த்திருப்பார். நூலின் மறுமுனையை அக்கா பிடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, ஒரு தகட்டுக்கோசரம் இவ்ளோ தூரம் வரீங்களே, பெட்ரோல் ஜாஸ்தி ஆகாதா?" என்றார்.

"நல்ல பொருளுங்க. வுட மனசு வரல."

"ஓ" என்றார் பெரியவர். அந்த 'ஓ' அப்பாவின் 'ஓ' மாதிரியே இருந்தது.

பெரியவர் கூப்பிட்டிருந்த இரண்டு ஆட்களோடு சித்தப்பா பரணில் தேடினார். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். சமையலறையில் அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். உளுந்து டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு, துணியில் சுற்றிய எதையோ எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். இரண்டு முனையிலும் ஓட்டையுள்ள, உள்ளங்கை நீளத் தகடு. அதைத்தான் வெளியே ஆள்போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் அதைத் துணியால் ஒருமுறை துடைத்து, மறுபடி சுற்றி, அதே இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்துவிட்டது. உதட்டில் விரலை வைத்தாள். பிறகு ஒரு மல்லாட்டை உருண்டையை எடுத்து என் கையில் திணித்தாள். லஞ்சம் என்றால் என்னவென்று அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். உருண்டையைத் தின்றேன். ஆனால் இவள் திருடி என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

கிளம்பும்போது அக்கா, "அடுத்த வாரம் வாங்க. அதுக்குள்ள தேடி வெக்கறேன்" என்று சித்தப்பாவிடம் துளிக்கூடக் கூசாமல் சொன்னாள். ஊர் எல்லை தாண்டுகிறவரை நான் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

சித்தப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"நெஜமாவா? அவங்களே வெச்சிருக்காங்களா? நீ பாத்தியா?"

"உளுந்து டப்பாக்குப் பின்னாடி. துணியில சுத்தி."

கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் டேங்க்கைப் படபடவென்று தட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத, கண்ணு" என்றார். கையும் களவுமாகப் பிடிக்கத் திட்டம் போடுகிறார் என்று புரிந்துகொண்டேன். அப்படியானால் விஷயம் வெளியே போகக் கூடாதுதான். அன்றிரவு அப்பா விசாரித்தபோது, "நெஜமாவே ஃபோர்க்கத்தான் பாத்தாரு" என்றேன். அப்பாவுக்கு அது இன்னும் பெரிய சந்தேகத்தைக் கொடுத்தது.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது வாசலில் பெரியவர் நின்றிருந்தார். கோணி ஏற்கனவே விரிக்கப்பட்டிருந்தது. ஃபோர்க்கும் ஸ்பிரிங்கும் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் தகடுகள் வரிசையாக இருந்தன. நான்கும் இருந்தன.

"உளுந்து கொட்டலாம்னு டப்பாவ எடுத்தேன். பின்னாடி இருந்துச்சு" என்றார் பெரியவர். குரல் உயரவே இல்லை. "இரும்பு பரண்லேர்ந்து எறங்கி சமையல்கட்டுக்கு எப்படித் தம்பி வரும்?"

சித்தப்பா அன்றைக்கு ஏதோ கேட்க நினைத்து வந்தவர் மாதிரி இருந்தவர், குனிந்து நாலாவது தகட்டை மட்டும் கையில் எடுத்தார்.

"நீங்க நல்ல மாதிரி. உங்க மனுஷங்களும் நல்லவங்களாத்தான் இருப்பாங்க. ஆனா எங்க வழி வேற, உங்க வழி வேற. எல்லாம் சரியா இருக்குதான்னு பாத்துக்குங்க."

"சரியா இருக்குங்க."

"அப்ப இனிமே இங்க வேல இருக்காது."

அப்படிச் சொன்னவரே எங்களைச் சாப்பிடாமல் போக விடவில்லை. அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். வெயில் இருக்கும்போதே இலை போட்டார்கள். அக்கா பரிமாறினாள். அவள் இலையை மட்டும் பார்த்தாள். சித்தப்பாவும் இலையை மட்டும் பார்த்தார். பருப்பு நன்றாக இருந்தது. நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். திருடியைப் பிடித்துவிட்டார்கள், ஆனால் யாரும் அவளைத் திட்டவில்லையே என்று எனக்குள் புகைந்தது.

பெரியவரும் சித்தப்பாவும் கோணி மூட்டையைத் தூக்கி வண்டியின் பின்னால் வைத்துக் கயிறு போட்டார்கள். கயிறு ஏற்கனவே இறுகிவிட்ட பிறகும் சித்தப்பா அதை இறுக்கிக்கொண்டே இருந்தார். குழாயடியில் அக்கா தனியாக நின்றாள். யாரும் கேட்கவில்லை என்றால் நானாவது கேட்க வேண்டும் என்று அவளிடம் போனேன்.

"நாலு தகடும் கெடச்சிடுச்சு" என்றேன். "இனிமே நாங்க வரவே மாட்டோம்."

சொல்லிவிட்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். அவள் குழாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பிழிய ஆரம்பித்தாள். அது காய்ந்த துணி. அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. கண்கள் மட்டும் நிரம்பிக்கொண்டே வந்தன.

மாட்டிக்கொண்ட திருடர்கள் இப்படித்தான் அழுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஓடிப்போய் டேங்க்மேல் ஏறி உட்கார்ந்தேன்.