முப்பத்தைந்து நாள் பால்

பால் டேங்கர் ஓட்டுகிற அந்தப் பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர் ஹாரன். வண்டியின் நிஜ ஹாரன் பழுதாகி இரண்டு வருடமாகியும் அவள் அதை மாற்றவில்லை. கண்ணாடியை இறக்கி ஒரு சத்தம் போட்டால் போதும், முன்னால் போகிற டிராக்டர் தானாக ஓரம் கட்டிவிடும். கட்டிய கணவன் நான்கே வருடத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, "உன்கூட இன்னும் ஒரு வருஷம் இருந்தா என் காதுக்கு வைத்தியம் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவளும் அவளேதான்.

அப்பா ஓட்டிய வண்டி அது. அவர் முதுகு விட்டுப்போன வருடம், பால் ஆலைக்குப் போய், "நான் ஓட்டறேன்" என்றாள். அப்போதிருந்த மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். அவள் இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிவிட்டு, எட்டாயிரம் லிட்டர் டேங்கரைப் பின்பக்கமாகவே ஓட்டி, பால் இறக்குகிற குறுகலான இடத்தில் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய் நிறுத்தினாள். மறுநாள் சாவி அவள் கையில். பதினெட்டு வருடம் ஒரு நாள் தாமதமில்லை.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மலைச்சரிவில் ஏழு மாட்டுப்பண்ணைகள். ஒவ்வொன்றிலும் குளிர்தொட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். மாடு பூண்டு தின்றிருந்தால்கூட அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும். பிறகு ஹோஸை மாட்டிப் பாலை ஏற்றுவாள். கடைசிப் பண்ணை அவளுடைய அண்ணனுடையது. இருபத்திரண்டு மாடு. அவன் கொட்டகை வாசலில் நின்றால் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் அணுமின் நிலையத்தின் இரண்டு வெள்ளைக் குவிமாடங்கள் தெரியும். பள்ளிப் பிள்ளைகளை வருடாவருடம் அங்கே கூட்டிப்போய்த் தொப்பி கொடுத்து அனுப்புவார்கள். அவளுடைய மகளிடமும் ஒரு தொப்பி இருந்தது. கூடவே கொடுத்த வழவழப்பான புத்தகத்தில், எப்பேர்ப்பட்ட நிலநடுக்கத்தையும் தாங்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

நிலம் நடுங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவள் அண்ணனின் தொட்டியிலிருந்து பால் ஏற்றிக்கொண்டிருந்தாள். முதலில் மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. அடுத்த நொடி காலுக்கடியில் யாரோ பாயை உருவுவதுபோல் இருந்தது. ஹோஸ் பிடுங்கிக்கொண்டு பால் கூரைவரை பீய்ச்சியது. அண்ணன் தூணைக் கட்டிக்கொண்டான், அவள் வண்டிச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆட்டம். நின்றதும் இரண்டு பேரும் பார்த்தது நிலையத்தின் திசையைத்தான்.

"சைரன் அடிக்கல" என்றான் அண்ணன்.

"அடிக்கலன்னா ஒண்ணும் ஆகலன்னு அர்த்தமா, இல்ல சைரனும் போச்சுன்னு அர்த்தமா?"

அவன் ரேடியோவைப் போடப் போனான்.

பதினோரு மணிக்கு ரேடியோவில் அறிவித்தார்கள்: நிலையம் பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது, கவலை வேண்டாம். சாயங்காலம் வேறு மாதிரி சொன்னார்கள்: மிகச் சிறிய அளவில் ஆவி வெளியேற்றப்பட்டது, கவலை வேண்டாம். அடுத்த நாள் மழை பெய்தது. மழையில் நனைய வேண்டாம், ஆனால் கவலை வேண்டாம் என்றார்கள். "இத்தனை தடவை கவலை வேண்டாம்னு சொன்னா யாருக்குத்தான் வராது?" என்று அவள் ரேடியோவை அணைத்தாள். ஆனாலும் அவள் நம்பத்தான் செய்தாள். ஆலையில் ஒவ்வொரு வண்டிப் பாலையும் பரிசோதிக்கிறார்கள், அளவு மீறினால் வெளியே விடமாட்டார்கள் என்று அறிவித்திருந்தார்கள். பரிசோதனைக்கூடத்தில் புதுக் கருவி வந்து இறங்கியதை அவளே கண்ணால் பார்த்தாள். அதற்குமேல் என்ன வேண்டும் என்று பழையபடி ஓட்டினாள்.

அந்த நாட்களில் ஆலையில் ஒரு புது வழக்கம் வந்தது. முன்பெல்லாம் வந்த வேகத்தில் பாலை இறக்கிவிட்டுப் போவாள். இப்போது அவளைக் காத்திருக்கச் சொன்னார்கள். வடக்குப் பக்கத்திலிருந்து இரண்டு டேங்கர்கள் வந்த பிறகுதான் மூன்று வண்டிப் பாலையும் ஒரே பெரிய தொட்டியில் இறக்கவேண்டும். ஏதோ ஆள் பற்றாக்குறை என்று நினைத்துக்கொண்டாள். ஐந்து வாரம் கழித்து ஒருநாள் வடக்கு வண்டி டிரைவர் அவளிடம் வந்து சலித்துக்கொண்டான்.

"அக்கா, கொஞ்சம் வெரசா வரக்கூடாதா? நீங்க வராம எங்களை இறக்கவே விடமாட்டேங்கறாங்க."

"என்னது? நீங்க வராம என்னை இறக்க விடமாட்டேங்கறாங்கன்னுல்ல நான் உட்கார்ந்திருக்கேன்?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

வண்டியில் வெயில் மறைப்புப் பலகையின் பின்னால் அவள் தினமும் செருகி வைக்கிற சீட்டுகள் இருந்தன. பால் இறக்கியதும் டிரைவருக்குக் கொடுக்கிற நகல். கொழுப்பு, வெப்பம், புளிப்பு என்று வரிசையாக இருக்கும், யார் படிப்பார்கள்? அன்று எடுத்துப் பார்த்தாள். அடியில் புதிதாக ஒரு கட்டம், அதில் கையால் எழுதிய ஒரு எண். அன்றைய சீட்டில் எண்பத்து மூன்று. ஐந்து வாரத்துக்கு முந்தைய முதல் சீட்டில் நூற்று நாற்பது. நேராகப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் தடிக்கண்ணாடி போட்ட, யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர்.

"சார், இது என்ன நம்பர்?"

அவர் கதவைப் பார்த்தார். "கதிரியக்கம்மா. லிட்டருக்கு இவ்வளவுன்னு."

"எவ்வளவு வரைக்கும் விடலாம்?"

"ஐம்பது."

"இங்க எண்பத்து மூணு இருக்கே."

"அது உங்க வண்டி மட்டும். வடக்கு வண்டிப் பாலோட கலந்த பிறகு எடுத்தா இருபத்தெட்டுதான் வரும். அதைத்தான் மேல அனுப்பறோம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதிலே துடைக்க ஒன்றுமில்லை. "நான் எழுதறதை நிறுத்தல பாருங்க. அதை மட்டும் நிறுத்தல."

அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆலையின் பால்தான் ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் தினமும் பாக்கெட்டில் போகிறது. ஆறாம் வகுப்பில் படிக்கிற அவள் மகள், பக்கத்தில் உட்கார்கிற பிள்ளைகளிடம், "இது எங்க மாமா வீட்டுப் பால், எங்கம்மா கொண்டுவந்தது" என்று பெருமையடித்துக்கொண்டு குடிப்பாள். சிலநாள் பக்கத்துப் பிள்ளை வைத்துவிட்டுப் போனதையும் சேர்த்து.

மேனேஜர் அறைக்குள் அவள் தட்டாமல் நுழைந்து சீட்டுகளை மேசைமேல் போட்டாள்.

"உட்காருங்கம்மா. சட்டத்துல கடைக்குப் போற பால்லதான் அளவு பார்க்கச் சொல்லியிருக்கு. அதுல சரியா இருக்கு. எங்க தப்பு?"

"ஒரு வாளி நல்ல பால்ல ஒரு கரண்டி சாக்கடையை ஊத்திட்டு, வாளில பார்த்தா சாக்கடையே தெரியலன்னு சொல்ற மாதிரி இருக்கு. நீங்க குடிப்பீங்களா?"

"இப்படிப் பேசினா ஏழு பண்ணையும் மூடணும். உங்க அண்ணனும் சேர்த்துத்தான். யோசிங்க. நீங்க ஓட்டற வேலையப் பாருங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்."

அண்ணனைச் சொன்னதும் அவள் சீட்டுகளை வாரிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவன் கொட்டகைக்குப் போய்ச் சீட்டுகளை எடுத்துக் காட்டினாள். அவன் மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டே கேட்டான். நிமிரவேயில்லை.

"அப்ப என் பாலை விஷம்னு நீயே ஊர்ல சொல்லப்போற."

"நீ ஊத்தின விஷமா அண்ணா? அங்கிருந்து வந்தது."

"ஜனங்க அதைப் பார்க்கமாட்டாங்க. என்னைத்தான் பார்ப்பாங்க. இந்த மாட்டைத்தான் பார்ப்பாங்க. நம்ம அப்பா கட்டின கொட்டகை இது."

"என் பொண்ணு முப்பத்தஞ்சு நாளா குடிச்சிருக்கா. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கேன், இந்தக் கையால."

அவன் வாளியை எட்டி உதைத்தான். "போ. உன் இஷ்டம்போல பண்ணு. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே."

மறுநாள் நகர மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். நிலையத்தை மறுபடி இயக்க அனுமதி கொடுப்பதற்கான கூட்டம் அது. அவள் மற்ற ஆறு பண்ணைப் பாலையும் ஏற்றிக்கொண்டு, ஆலைக்குப் போகிற திருப்பத்தில் திரும்பாமல், நேராக மண்டப வாசலில் போய் வண்டியை நிறுத்தினாள். ஒரு குவளைப் பாலோடு உள்ளே போனாள்.

மேடையில் நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரி படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். வந்த நிலநடுக்கம் எதிர்பார்த்ததைவிட 'சற்றே' கூடுதலாம். ஒரு கல்லூரி ஆசிரியர் எழுந்து, கடலடியில் பிளவு இருக்கிறது, இதைவிடப் பெரிய நடுக்கம் வரும் என்று பன்னிரண்டு வருடம் முன்பே அறிக்கை கொடுத்தேனே, அது எந்த அலமாரியில் தூங்குகிறது என்று கேட்டார். "அது ஆய்வில் இருக்கிறது" என்றார் அதிகாரி. சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

அவள் முறை வந்தது. ஒலிபெருக்கியை ஒதுக்கிவிட்டுக் குவளையை மேசைமேல் வைத்தாள். "இது எங்க மலைச்சரிவுப் பால். யாரோடையும் கலக்காதது. குடிங்க சார்."

அதிகாரி சிரித்தார். குவளையை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்து, "அருமையான பால்" என்றார். கேமராக்கள் மின்னின. முன்வரிசை கைதட்டியது. பின்னால் இருந்த பண்ணைக்காரர்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அவள் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் நடுக்கூடத்தில் முட்டாள்போல நின்றாள். அப்புறம்தான் அந்தக் கோபம் வந்தது. பிறகு பலரும் சொன்னார்கள், அவள் குரலை அவ்வளவு தாழ்வாகக் கேட்டதேயில்லை என்று.

"சந்தோஷம் சார். நீங்க ஒரு குவளை குடிச்சீங்க. தெரிஞ்சு குடிச்சீங்க. என் பொண்ணு முப்பத்தஞ்சு நாள் குடிச்சா, அவகிட்ட யாரும் கேட்கல. இந்த ஊர்ப் பிள்ளைங்க ஒருத்தர்கிட்டயும் கேட்கல." சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். நூற்று நாற்பது. நூற்று முப்பத்தொன்று. நூற்று இருபத்தாறு. தேதியும் சேர்த்து. கைதட்டியவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். பத்தாவது சீட்டில் ஒரு தாய் எழுந்து கத்த ஆரம்பித்தாள். இருபதாவது சீட்டைப் படிக்கும்போது யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. தடிக்கண்ணாடிக்காரர் கூட்டத்தின் ஓரத்திலிருந்து வந்து, "அது என் கையெழுத்துதான்" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் பத்திரிகைக்காரர்கள் வண்டியைச் சூழ்ந்தார்கள். வால்வைத் திறந்து பாலைத் தெருவில் விடுங்கள், படம் நன்றாக வரும் என்றார்கள். அவள் அவர்களையும் விடவில்லை. "மூளை இருக்கா உங்களுக்கு? இங்க ஊத்தினா எங்க போகும்? அந்தச் சாக்கடை ஆத்துக்குத்தானே போகுது? இந்த விஷத்தைக் கொண்டுவந்தவனே எடுத்துட்டுப் போகட்டும்." வால்வுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் வண்டி அங்கேயே நின்றது. மூன்றாம் நாள் முகமூடி போட்ட ஆட்கள் வந்து பாலைப் பீப்பாய்களில் அடைத்து எடுத்துப் போனார்கள். கவலை வேண்டாம் என்றவர்களுக்கு முகமூடி எதற்கு என்று அவள் கேட்டாள்.

கலப்பது நின்றது. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி அளவு என்று சட்டம் மாறியது. மேனேஜர் வேறு ஆலைக்கு மாற்றலாகிப் போனார், பதவி உயர்வோடு. அவளுக்கு வேலை போனது. இப்போது ஜல்லி லாரி ஓட்டுகிறாள். மகளுக்கு வருடாவருடம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைப் பரிசோதிக்கிறார்கள். இதுவரை ஒன்றுமில்லை என்று தாள் வருகிறது. அந்தத் தாளை வாங்குகிற ஒவ்வொரு தடவையும், 'இதுவரை' என்ற சொல்லைப் படித்துவிட்டு அவள் பல்லைக் கடிக்கிறாள்.

ஏழு பண்ணையும் மூடப்பட்டன. அண்ணனின் இருபத்திரண்டு மாடுகளையும் கொல்வதற்காக ஒரே நாளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் சரிவின் அடியில் சாலையோரம் நின்று பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனான். இரண்டு வருடம் பேச்சில்லை.

மூன்றாம் வருடம் நிலையத்தைத் திறக்க மறுபடி கூட்டம் போட்டார்கள். அதே மண்டபம், புதுப் படங்கள், புது அதிகாரி. புதிய கணக்கின்படி எந்த நிலநடுக்கத்தையும் தாங்குமாம். அவள் பெயர் கொடுக்கப் போனபோது பட்டியலில் அவளுக்கு மேலே அண்ணனின் பெயர் இருந்தது. அவன் எழுந்தான். வாழ்க்கையில் மேடை ஏறாதவன், குரல் உடைந்தது.

"என் மாடு சாகறப்ப எதுக்குன்னு தெரியாம செத்துச்சு. எனக்கு எதுக்குன்னு தெரியணும். அந்த அறிக்கையை அலமாரியில வச்சவன் பேரு என்ன? பேரைச் சொல்லுங்க, நான் உட்கார்றேன்."

யாரும் சொல்லவில்லை. அவன் உட்காரவில்லை. நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள், ஒலிபெருக்கியை அணைத்தார்கள், காவலர் ஒருவர் தோளைத் தொட்டார். அவன் நின்றான். கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்துபோய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"என் நேரத்தையும் அவருக்கே கொடுங்க" என்றாள்.

நிலையம் அந்த வருடமே திறந்தது. அந்தப் பெயரை இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அண்ணனும் தங்கையும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஜல்லி லாரியில் ஒன்றாகத்தான் போகிறார்கள், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு.