வியாழக்கிழமை கிளம்பியவர்கள்

இதை இன்னொருவர் என்னிடம் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன், அதனால் நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. வாசுதேவநல்லூரில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். வகுப்பில் பேய், ஆவி என்று எவனாவது வாயைத் திறந்தால் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்துவிடுவேன். கோயிலுக்குப் போவேன், அதுவும் மனைவி கூப்பிட்டால். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது, அதுவும் நல்ல பகல் வெளிச்சத்தில்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். முந்தின ஐப்பசியில் ஒரு பெண் குழந்தை பிறந்து மூன்றாம் நாளே போய்விட்டது. அதற்குப் பிறகு என் மனைவி மங்கை வீட்டுப்படி இறங்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், நேரத்துக்குச் சோறு வைப்பாள், ஆனால் அவளாக வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கேயாவது வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டரம்மா சொன்னார்கள். நான் உடனே ஒரு பெரிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போடுகிற ஆள் நான்தானே.

ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. முதல் நாள் காலையில் தென்காசிக் கோயில், சாயங்காலம் அங்கே மைதானத்தில் போட்டிருந்த பொருட்காட்சி, ராத்திரி குற்றாலத்தில் லாட்ஜ், மறுநாள் காலையில் சித்திர சபை, மத்தியானம் செண்பகாதேவி அருவி என்று கட்டம் போட்டு மணி நேரம் எழுதினேன். முதலில் நான் பொருட்காட்சியைச் சேர்க்கவே இல்லை. தாளை எட்டிப் பார்த்த மங்கைதான், "ராட்டினம் வந்திருக்காமே, அதுல ஏறணும்" என்றாள். எட்டு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் காரியம் அது. சித்திர சபைக்கான நேரத்தைப் பாதியாக வெட்டிவிட்டு ராட்டினத்தை எழுதினேன். சுரண்டையில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்துகொண்டிருந்த அவள் அண்ணன் தன்னுடைய நீலக் காரைத் தருவதாகச் சொல்லிவிட்டார். லாட்ஜுக்கு வியாழக்கிழமை வருகிறோம் என்று கார்டு போட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மங்கை திடீரென்று, "வியாழன் வேண்டாம். வெள்ளிக்கிழமை போவோம்" என்றாள்.

"ஏன், வியாழனுக்கு என்ன?"

"தெரியல. மனசு சொல்லுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. லீவு லெட்டர் கொடுத்தாகிவிட்டது, கார்டு போட்டாகிவிட்டது, மனசு சொல்லுது என்றால் என்ன அர்த்தம் என்று கத்தினேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுபடியும் அந்த எட்டு மாத மௌனத்துக்குள் போய்விடுவாளோ என்று பயந்துபோய், மறுநாளே லீவு லெட்டரை மாற்றி எழுதினேன், லாட்ஜுக்கு இன்னொரு கார்டு போட்டேன். டைம்டேபிளில் எல்லாவற்றையும் அப்படியே ஒரு நாள் தள்ளினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தென்காசி போய்ச் சேர்ந்தோம். அப்போது கோபுரம் இன்றைக்கு இருப்பதுபோல இல்லை, பிளந்துபோய் மொட்டையாக நின்றது. வாசலில் அந்தக் கோயிலுக்கே உரிய காற்று வழக்கம்போல ஆளைத் தள்ளியது. மங்கை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செருப்பை விடப் போன இடத்தில் பூ விற்ற அம்மா எங்களை நிமிர்ந்து பார்த்து, "நேத்துதான வந்திய, இன்னைக்கும் வந்துட்டியளா? ரொம்ப நல்லது தாயி" என்று, கேட்காமலே இரண்டு முழம் பூவை நீட்டினார்கள். ஆயிரம் பேர் வந்து போகிற இடம், யாரையோ நினைத்துச் சொல்கிறார்கள் என்று நான் உள்ளே போய்விட்டேன். தூண் தூணாகத் தொட்டுப் பார்த்தோம். பாண்டியன் கட்டிய கதையை நான் சொல்ல, மங்கை பொறுமையாகக் கேட்டாள்.

சாயங்காலம் பொருட்காட்சி. வானம் இருட்டாமல் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்ததும் குறுக்குக் கம்பியை மாட்டிய ஆள் மங்கையைப் பார்த்து, "யக்கா, நேத்து மாதிரி கண்ண இறுக்கி மூடிக்கிடாதிய. மேல போனதும் திறந்து பாருங்க, மலை தெரியும்" என்றான்.

"நேத்து நாங்க வரலியேப்பா" என்றேன்.

"வெளாடாதிய சார்வாள். ரெண்டு தடவ சுத்துனியளே. இதே பெட்டிதான்."

எனக்கு என்னவோ போல இருந்தது. மங்கைக்கு அப்படி இல்லை. மேலே போனதும் கண்ணைத் திறந்து மலையைப் பார்த்தாள், அருவி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. "நம்மள மாதிரியே ரெண்டு பேரு நமக்கு முந்தியே வந்து சந்தோசமா சுத்திட்டுப் போயிருக்காவ. பாத்தா நல்லாருக்கும், என்ன?" என்றாள். அவள் இவ்வளவு பேசியதே எனக்குப் போதும், நானும் சிரித்தேன்.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் குற்றாலம் லாட்ஜில் காரை நிறுத்தினோம். மானேஜர் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன அண்ணாச்சி, மத்தியானம் காலி பண்ணுதேன்னு சொல்லிட்டு இப்ப வாரிய? சாவியையும் கையோட கொண்டு போயிட்டிய."

நாங்கள் இப்போதுதான் வருகிறோம் என்றேன். நாள் மாற்றிப் போட்ட கார்டு வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார், ஆனால் நீங்கள் நேற்றே வந்துவிட்டதால் அதைப் பொருட்படுத்தவில்லை என்றார். நான் குரலை உயர்த்தவே, ரிஜிஸ்தரைத் திருப்பி என் முன்னால் வைத்தார். வியாழக்கிழமை தேதியில் என் பெயர், ஊர், உத்தியோகம், 'மனைவியுடன்' என்ற சொல், அடியில் என் கையெழுத்து. மங்கை குனிந்து வெகு நேரம் பார்த்தாள்.

"இது ஒங்க எழுத்துதான்" என்றாள்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், இருபத்தைந்து வருஷம் விடைத்தாள் திருத்தியவன் நான், என் எழுத்து எது என்று தெரியாதா எனக்கு? அது என் கை எழுதியதுதான்.

மானேஜர் இன்னொரு சாவியைக் கொண்டுவந்து அந்த அறையைத் திறந்தார். ஆளும் இல்லை, பெட்டியும் இல்லை. படுக்கை கலைந்திருந்தது. ஜன்னல் திட்டில் இரண்டு டம்ளர், அடியில் காப்பி காய்ந்துபோய்க் கிடந்தது. எனக்கு அந்த அறை வேண்டாம் என்று சொல்லி வேறு அறை வாங்கிக்கொண்டேன். மங்கை நன்றாகத் தூங்கினாள். எனக்கு என் பெயரில் எவனோ திருட்டுத்தனம் செய்கிறான், விடிந்ததும் போலீசுக்குப் போகவேண்டும் என்ற யோசனைதான்.

விடிந்ததும் எல்லாம் சாதாரணமாகத் தெரிந்தது. சித்திர சபைக்குப் போய்ச் சுவர் ஓவியங்களைப் பார்த்தோம். பிறகு காரைப் பேரருவிப் பக்கம் நிறுத்திவிட்டு, செண்பகாதேவிக்கு நடக்கிற பாதைக்கு வந்தோம். மங்கை துண்டுகளை எடுக்கக் காருக்குத் திரும்பினாள், நான் முன்னால் போனேன். பாதை ஏறுகிற இடத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் ஒருவர் புட்டிகளைப் பரப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு புட்டியும் கையுமாக எழுந்து ஓடிவந்து மறு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார்வாள், வந்துட்டியளா? அம்மா கிடைச்சாவளா?"

"எந்த அம்மா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நேத்து மத்தியானம் மேல தண்ணி திடீர்னு கூடி வந்து அம்மாவ அடிச்சிட்டுப் போயிட்டுல்லா. நாங்க நாலு பேரு தேடுனோம். நீங்க பொழுது சாயுத வரைக்கும் மேல அருவிப் பாறையிலதான இருந்திய, சொட்டுத் தண்ணி கூட வாயில வைக்காம? நான் விளக்கு கொண்டுவரப் போயிட்டுத் திரும்பி வந்து பாத்தா உங்களக் காணல. ராத்திரி பூரா எனக்கு மனசே..."

பேச்சு பாதியில் நின்றது. அவர் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு மங்கை வந்துகொண்டிருந்தாள். அந்த மனிதர் கையிலிருந்த புட்டி சரிந்து எண்ணெய் அவர் பாதத்தின் மேல் வழிந்தது, அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"இந்தச் சேலதான்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் அருவிக்குப் போகவில்லை. ஏன் என்று மங்கை கேட்டாள், தலைவலி என்றேன். சுரண்டை வந்து சேரும்வரை அவள் கையை விடவே இல்லை, கியர் மாற்றும்போது மட்டும் விட்டேன். அவர்கள் வந்ததும் இதே காரில்தானோ என்ற சந்தேகத்தில், வியாழனும் வெள்ளிக் காலையும் கார் எங்கே நின்றது என்று மச்சானைக் கேட்டேன். "எங்க போவும்? நீங்க வாங்குத வரைக்கும் ஷெட்லதான் நின்னுது மாப்ள, வியாழக்கிழமை நாந்தான் கழுவினேன்" என்றார். பிறகு தனியாகக் குற்றாலம் போய்ப் போலீசில் விசாரித்தேன். வெள்ளிக்கிழமை செண்பகாதேவியில் வெள்ளம் வந்தது உண்மை, ஆனால் யாரும் செத்ததாகவோ காணாமல்போனதாகவோ யாரும் வந்து எழுதிக்கொடுக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றார்கள்.

மங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, பயப்படவும் இல்லை. அதற்கு அடுத்த வருஷம் எங்களுக்கு மகன் பிறந்தான். நாங்கள் நன்றாகவே இருந்தோம்.

நாலு வருஷம் கழித்து சுரண்டைச் சந்தையில் அந்த எண்ணெய்க்காரரைப் பார்த்தேன். மாடசாமி என்று பெயர். இந்தத் தடவை அவர் குழம்பவில்லை.

"அம்மா சௌக்கியமா?" என்று முதலில் கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அந்த சார்வாள் இன்னும் வாராரு" என்றார்.

"எவர்?"

"உங்கள மாதிரியே இருப்பாருல்லா, அவருதான். வருசா வருசம் சாரல்ல, அதே வெள்ளிக்கிழம வந்து அந்தப் பாறையில இருக்காரு. இந்த வருசமும் வந்தாரு. உங்களுக்கு மாதிரியே காதோரம் நரச்சிருக்கு. யாரு கூடயும் பேச மாட்டாரு. சாயங்காலம் எந்திரிச்சுப் போயிருதாரு."

வீட்டுக்கு வந்து மங்கையிடம் சொன்னேன். அவள் மகனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைகிற கை நின்றது.

"அவுகளுக்கு யாரு பொங்கிப் போடுதா?" என்று கேட்டாள்.

மறு வருஷம் ஆனியில், நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும், புளியோதரை கிண்டி ஒரு தூக்குச்சட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தாள். நான் பேரருவிக்கு மேலே ஏறவில்லை, கீழேயே நின்று மாடசாமியிடம் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் அவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். "ஒண்ணும் கேக்கல. வாங்கிச் சாப்பிட்டாரு" என்றார்.

சட்டி கனமில்லாமல் இருந்தது. எனக்குக் கறிவேப்பிலை பிடிக்காது. தின்னும்போது ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டு விளிம்பில் நுனி உள்பக்கமாக வரிசையாக வைப்பேன், சின்னப் பிள்ளை மாதிரி என்று மங்கை கேலி செய்வாள். தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தேன். உள்விளிம்பில் கறிவேப்பிலை இருந்தது, ஏழு இலை, வரிசையாக, நுனி எல்லாம் உள்பக்கம் பார்த்து.