பாதி நாக்கு

வக்கீல் நோட்டீஸ் வந்தபோது என் அண்ணன் ஒரு பெரியவருக்குப் பல்செட் அளவெடுத்துக்கொண்டிருந்தார். சிம்மக்கல்லில் மொத்தக் கடைகளுக்கு நடுவே ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் கிளினிக். அண்ணன், தங்கையான நான், இரண்டு பேருமே பல் டாக்டர்கள். கவரைப் பிரித்து முதலில் படித்தது நான். பெரியவர் படியிறங்கிப் போனபிறகுதான், ஒரு நோயாளி நம்மேல் வழக்குப் போடுகிறார் என்று அண்ணனிடம் சொன்னேன். கேட்டதும் அவர் கையுறையைக்கூடக் கழற்றாமல் நோயாளி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாரு, அந்த டீச்சரா?"

வேறு யாரையும் அவர் நினைக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குச் சோழவந்தான். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கீழ்த்தாடையில் பாதி முளைத்து, படுத்துக் கிடந்த ஞானப்பல் ஒன்று சீழ்பிடித்து அவரைப் பாடாய்ப் படுத்தியது. அண்ணன் அதை எடுத்தார். நாக்குக்குப் போகும் நரம்பு அந்தப் பல்லை ஒட்டியே ஓடுகிறது. எவ்வளவு கவனமாக எடுத்தாலும் சிலருக்கு அதில் அடிபட்டுவிடும். இவருக்குப் பட்டது. ஊசி போட்டதால் வந்த, மாலைக்குள் விட்டுப்போயிருக்க வேண்டிய மரப்பு வலது பாதி நாக்கில் அப்படியே நின்றுவிட்டது.

அவர் திரும்பத் திரும்ப வந்தார். சத்தம் போடவில்லை. வாயைக் கைக்குட்டையால் மறைத்தபடி சொல்வார்: "சாப்பிடுறப்ப கடிச்சுக்கிறேன் டாக்டர். ரத்தம் வந்தப்பெறகுதான் தெரியுது. காபி சுடுதா ஆறிப்போச்சான்னே தெரியல."

அண்ணன் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். "சரியாயிரும்மா. நரம்பு விஷயம், மெதுவாத்தான் வரும்."

அவர் போனதும் நான் அண்ணனைப் பின்னறைக்குக் கூப்பிட்டேன். எங்கள் முன்னோர்கள் குஜராத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் எங்களுக்கென்று ஒரு பாஷை உண்டு. சண்டை மட்டும் ஏனோ எப்போதும் தமிழில்தான் வரும்.

"தாடை சர்ஜன்கிட்ட அனுப்பிருங்கண்ணே. சீக்கிரம் போனாத்தான் நரம்பத் தைக்க முடியும்."

"அனுப்புனா நான் தப்புப் பண்ணிட்டேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்."

"நரம்புல படுறது தப்பில்லண்ணே. யாருக்கு வேணா நடக்கும்."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். அவங்க வீட்ல தெரியுமா? கொஞ்ச நாள் பாப்போம்."

கொஞ்ச நாள் பல மாதங்களாயிற்று. அதன்பின் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். குணமாகிவிட்டது போலிருக்கிறது என்றார் அண்ணன். அதன் பிறகுதான் நோட்டீஸ்.

எங்கள் வக்கீல் நல்ல அனுபவசாலி. உட்கார்ந்ததுமே சொன்னார்: "கேஸ் ஷீட்டுல ஒரு புள்ளிகூட புதுசா வைக்காதீங்க. எக்ஸ்ரே, பிரிஸ்கிரிப்ஷன் எல்லாத்தையும் நகலெடுத்து அப்படியே குடுங்க. இன்சூரன்ஸ்காரங்களுக்கு இன்னைக்கே தெரிவிங்க. வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"அந்த அம்மாவுக்கு ஒரு போன் பண்ணி, எப்படி இருக்கீங்கன்னு கேக்கலாமா சார்?" என்றேன்.

"கேட்டீங்கன்னா அதுவே நாளைக்கு உங்களுக்கு எதிரா நிக்கும். வேணாம் டாக்டர்."

அவர் சொன்னதையெல்லாம் அட்சரம் பிசகாமல் செய்தோம். வழக்கு நடந்த காலமெல்லாம் அண்ணன் ஒரு பல்லையும் பிடுங்கவில்லை. ஆடுகிற பால்பல்லைக்கூட என்னிடம் தள்ளிவிட்டார். கைகழுவும் தொட்டியில் தண்ணீர் வழிய வழிய நின்றுகொண்டிருப்பார். நான் போய்க் குழாயை மூடுவேன். வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு, தன் நாக்கை ஒரு பக்கமாகப் பல்லால் அழுத்திப் பார்ப்பதை ஒருநாள் கண்டேன். நான் பார்த்தது தெரிந்ததும் தட்டோடு எழுந்து போனார்.

நுகர்வோர் ஆணையத்தில் பெரும்பாலும் எல்லாம் காகிதத்திலேயே முடிந்துவிடும். எங்கள் வழக்கு விசாரணைக்கு வந்த அன்று ஆணையத் தலைவர் அந்த டீச்சரையே தம் கஷ்டத்தைச் சொல்லச் சொன்னார். அவர் எழுந்து நின்றார். பக்கத்தில் அவர் கணவர், கையில் தண்ணீர் பாட்டிலோடு.

"பிள்ளைங்களுக்கு எழுத்துச் சொல்லிக்குடுக்க முடியல சார். ழ வரமாட்டேங்குது. நான் சொல்ற மாதிரியே பிள்ளைங்களும் திருப்பிச் சொல்லுதுக. இப்ப என்னய கிளாஸ்ல இருந்து எடுத்து ஆபீஸ்ல உக்கார வச்சுட்டாங்க."

அவர் பேச்சில் பல எழுத்துகள் ஈரத்துணிக்குள் சுற்றியதுபோல வந்தன. எங்கள் வக்கீல் எழுந்தார்.

"மதுரைப் பக்கம் பாதிப் பேருக்கு ழ வராதுங்களே. அதுக்கெல்லாம் பல் டாக்டர்தான் காரணமா?"

பின்வரிசையில் சிரிப்பு கேட்டது. எங்கள் வக்கீலின் ஜூனியர்களும் சிரித்தார்கள். டீச்சர் உட்காரவில்லை. மறுபடி சொல்லிக்காட்ட நினைத்தவர்போல வாயைத் திறந்தார். நாக்கு ஒருபக்கமாகக் கோணிக்கொண்டது. சத்தம் வரவில்லை. கணவர் அவர் முழங்கையைத் தொட்டு உட்கார வைத்தார். கைக்குட்டை மேலே ஏறியது. என் பக்கத்தில் அண்ணன் தலையைக் குனிந்தே இருந்தார். அந்தச் சிரிப்பும் எங்கள் பக்கத்து வாதம்தான், நாங்கள் அமர்த்திய ஆள் எங்களுக்காகப் பேசியதுதான்.

தீர்ப்பு வந்தது. பல் எடுத்ததில் குற்றமில்லை என்றார்கள். நரம்பு மரத்தது தெரிந்தும் உரிய மருத்துவரிடம் அனுப்பாமல் காலத்தைக் கடத்தியது கவனக்குறைவு என்றார்கள். நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கொடுத்தது. மேல்முறையீடு செய்யலாம் என்றார் வக்கீல். அண்ணன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்துவிட்டது, இனி என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று வக்கீல் சொன்ன மறுநாள், கிளினிக்கிலிருந்து டீச்சருக்குப் போன் செய்தேன். அண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"நான் கிளினிக்ல இருந்து பேசுறேன் டீச்சர். டாக்டரோட தங்கச்சி. எங்கள மன்னிச்சிருங்க."

போனில் அவருக்குப் பின்னால் பள்ளிக்கூட மணி அடித்தது.

"ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லுங்க மேடம்," என்றார். "இனிமே நாக்குல உணர்ச்சி வருமா?"

எத்தனையோ நோயாளிகளுக்குப் பொய்யாக ஆறுதல் சொல்லிப் பழகிய வாய் எனக்கு. அப்போது அந்தப் பொய் வரவில்லை.

"வராது டீச்சர். இம்புட்டு நாள் ஆனப்பெறகு நரம்பத் தச்சாலும் வராது."

"சரிங்க மேடம். இத்தன நாள்ல நீங்க ஒருத்தர்தான் எனக்கு நேரா பதில் சொல்றீங்க," என்றார். "பெல் அடிச்சிருச்சு. வச்சிர்றேன்."

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "திட்டுனாங்களா?"

"இல்லண்ணே."

"கொஞ்சம்கூடவா திட்டல?"

இல்லை என்றேன். திட்டியிருந்தால் அண்ணனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும் என்று தோன்றியது. எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். கீழே லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். காத்திருந்த நோயாளியை நான் உள்ளே கூப்பிட்டேன்.