பள்ளி வாசலில் மகளைத் தேடிய எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலரிடம் அவர் ஒரே சந்திப்பில் திரும்பத் திரும்ப "எப்ப வந்தீங்க?" என்று கேட்டிருப்பார். முகம் சுளிக்காமல் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னவர்கள் நீங்கள். தங்கை என்ற உரிமையில் அவர் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

அண்ணன் கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். சுரங்கம் மூடப்பட்டு அப்பா வேலையிழந்தபோது குடும்பம் அவர் தோளில் விழுந்தது. தினமும் ரயிலேறிப் பெங்களூர் வந்து, கிடைத்த வேலையைச் செய்தார். பிறகு ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, எங்களைப் பெங்களூர் ஜீவனஹள்ளிக்கு அழைத்து வந்தார். என் படிப்பும் திருமணமும் அவர் உழைப்பில் நடந்தவை. கோபம் வந்தால் திட்டமாட்டார். ஸ்பானரை எடுத்து வீட்டில் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார்.

அவர் மகள் நிர்மலா ஒன்றாம் வகுப்பில் படித்தபோது அண்ணனுக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. உயிர் பிழைத்தார். ஆனால் மருத்துவர் அண்ணியிடம் சொன்னார்: "பழசெல்லாம் அப்படியே இருக்கும்மா. இனிமே புதுசா நடக்கறது எதுவும் மனசுல தங்காது."

நிர்மலா வளர்ந்து கல்லூரிக்குப் போனாள். அண்ணன் மனத்தில் மட்டும் அவள் ஒன்றாம் வகுப்பிலேயே இருந்தாள். "நான்தாம்ப்பா உங்க பொண்ணு" என்று அவள் சொன்னால் திகைத்துப் பார்ப்பார். சற்று நேரத்தில் அண்ணியிடம் "பாப்பா எங்க?" என்று கேட்பார்.

ஒரு நாள் பிற்பகல், அண்ணி துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தபோது அண்ணன் வெளியே போய்விட்டார். தெருத் தெருவாகத் தேடினோம். நிர்மலாதான் திடீரென்று, "அத்தை, ஸ்கூல் விடற நேரம். என்னைக் கூப்பிடப் போயிருப்பாரு" என்றாள். அவள் படித்த பள்ளிக்கு ஆட்டோவில் விரைந்தோம்.

வாசலில் பெருங்கூட்டம். நடுவில் அண்ணன், அலறும் ஒரு சிறுமியின் கையை இறுகப் பிடித்திருந்தார். பிள்ளை பிடிப்பவன் என்று யாரோ கன்னடத்தில் கத்தினார். ஒருவர் சட்டையைப் பற்றி உலுக்கினார். இன்னொருவர் ஹெல்மெட்டை ஓங்கியிருந்தார்.

"என் பொண்ணை நான் கூட்டிட்டுப் போறேன், உங்களுக்கென்ன?" என்று அண்ணன் முழங்கினார்.

"அவருக்கு உடம்பு சரியில்லை" என்று தமிழிலும் கன்னடத்திலும் கதறினேன். யார் காதிலும் ஏறவில்லை. நிர்மலா கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் முன் போய் நின்றாள். 'அப்பா' என்றால் நம்பமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

"சார், நான் நிர்மலாவோட டீச்சர். அவங்கம்மா வந்து அப்பவே கூட்டிட்டுப் போயிட்டாங்க. இது வேற குழந்தை, பாருங்க."

அண்ணன் குனிந்து சிறுமியின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிடி தளர்ந்தது. "மன்னிச்சிடுங்க டீச்சர், பொண்ணைக் காணோம்னு பயந்துட்டேன்" என்றார்.

ஹெல்மெட் இன்னும் இறங்கவில்லை. குழந்தையை அள்ளிக்கொண்ட தாய்தான் அந்த மனிதரின் கையைப் பிடித்துத் தாழ்த்தினார். "விடுங்க. அவரும் பிள்ளையைத் தேடித்தானே வந்திருக்காரு" என்றார்.

ஆட்டோவில் ஏறியதும் அண்ணன், "எங்கம்மா போறோம்?" என்று சாதாரணமாகக் கேட்டார். அதன்பின் வாசற்கதவைப் பூட்டியே வைத்தோம். அவர் பூட்டைக் கழற்றப் பார்த்ததால், அவருடைய கருவிகளை அண்ணி அழுதுகொண்டே ஒளித்துவைத்தார்.

வழிதவறிய போதெல்லாம் கைப்பிடித்து அழைத்து வந்த அக்கம்பக்கத்தாருக்கும், விடாமல் வந்து பழைய கதை பேசிய தொழிற்சாலை நண்பர்களுக்கும், பெயர் தெரியாத அந்தத் தாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நிர்மலாவுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். நுரையீரல் தொற்றோடு மருத்துவமனையில் கிடந்த அண்ணனை அவள்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். ஒரு மாலை அவள் முகம் துடைத்துவிட்டபோது அவர் கேட்டார்.

"ரொம்ப நல்லா பாத்துக்கறீங்கம்மா. உங்க பேரென்ன?"

"நிர்மலா."

"என் பொண்ணு பேரும் அதுதான்!" என்று மலர்ந்தார்.

"அப்படியா? எப்படி இருப்பா, சொல்லுங்க" என்று அவள் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூச்சு வாங்க வாங்க, உறக்கம் வரும்வரை அண்ணன் அவளைப் பற்றி அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.