வேல்ஸ் மலையில் வைத்த கல்

என் மனைவியின் தம்பி இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன். இறந்துவிட்டான் என்று யாரும் வந்து சொல்லவில்லை. அதனால் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் உள்ள எங்கள் வீட்டில் அவனுக்கு மாலை போட்ட படம் இல்லை, திவசம் இல்லை. யாராவது ஆறுதல் சொல்ல வாயெடுத்தால் அவள் எழுந்து குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்குவாள். நானும் பழகிவிட்டேன்.

போன கோடையில் கோயிலுக்கு வருகிறவர்கள் சிலர் சேர்ந்து பஸ் பிடித்து வேல்ஸில் உள்ள ஸ்னோடன் மலைக்குப் போனோம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்குக் கோயில் கோபுரம்தான் மலை. என் முழங்கால் வேறு சொல்வழி கேட்பதில்லை. ஆனால் குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்று நம்புகிறவளை யார் தடுப்பது? தம்பி திரும்பி வரவேண்டும் என்று முருகனுக்கு நேர்த்தி வைத்து, காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் ஏறினாள்.

நாங்கள் போனது இலகுவான பாதை. மேலே போகப் போக, பக்கத்தில் சிவந்த பாறை முகடு ஒன்று முகிலுக்குள் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அதன் கூரான விளிம்பில் சிலர் தவழ்ந்து போனார்கள். முகில் மூடித் திறந்தபோது அங்கே ஒருவரும் இல்லை.

“அந்த ஆக்கள் எங்கை?” என்றாள்.

“அங்காலை இறங்கியிருப்பினம்” என்றேன்.

உச்சியில் ஒரு கற்குவியல். வழியில் பொறுக்கிய கல்லை அவள் கழுவி, திருநீறு பூசி, அதன்மேல் வைத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரர் சந்தோஷமாக விளக்கம் சொன்னார். ஸ்னோடன் ஆங்கிலேயரின் பெயராம். பனிமலை என்று பொருள். தங்களுடைய வேல்ஸ் மொழியில் இது விட்வா, புதைமேடு. அரசர்களைக் கொன்று அவர்களின் தாடிகளால் அங்கி தைத்துப் போட்ட ஓர் அரக்கனை இங்கே புதைத்து, கல்லுக்குமேல் கல் போட்டு மூடினார்களாம். சொல்லிவிட்டு மனிதர் சாண்ட்விச்சைப் பிரித்தார்.

அவள் குவியலைக் கிளறத் தொடங்கினாள். அதற்குள் மழை தூறி, திருநீறு கரைந்து, எல்லாக் கல்லும் ஒரே நிறமாகிவிட்டது.

“இஞ்சருங்கோ, என்ர கல் எதெண்டு தெரியேல்லை.”

“அது வெறும் கதை. விடும்.”

“நான் என்ர கையாலை அவனை மூடிப்போட்டன்” என்றாள்.

லண்டன் வந்து சேர இரவாகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் நான் துவாயை எடுத்தேன். குளியலறை வாசலில் வந்து மறித்து நின்றாள்.

“தலைக்கு வார்க்கப் போறியளோ?”

“ஓம், இறங்கேக்கை சறுக்கி விழுந்து தலையெல்லாம் சேறு.”

“வேண்டாம். செத்தவீட்டுக்குப் போட்டு வந்தாத்தான் வந்த உடனை தலைக்கு வார்க்கிறது. நாங்கள் ஒரு செத்தவீட்டுக்கும் போகேல்லை.”

வேறு நாளென்றால் சண்டை பிடித்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துவாயைக் கொடியில் போட்டேன். இருவரும் தலை கழுவாமலே சாப்பிட்டுப் படுத்தோம்.

காலையில் வேலைக்குப் போகவேண்டும். அவள் இன்னும் எழும்பவில்லை. ஷவரைத் திறந்துவிட்டுத் தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெறும் கதை என்று சொன்னவன் நான்தான். ஆனாலும் தலையை நீட்டப் பயமாக இருந்தது. கழுத்துக்குக் கீழே மட்டும் குளித்துவிட்டு, மலைமண் ஒட்டிய தலையோடு வேலைக்குப் போனேன்.