மச்சினன் இலையில் நான் ஊற்றிய பாயசம்

நெஞ்செரிச்சலுக்குச் சாகத் தயாரானவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்தேன். நடுநெஞ்சில் தீ ஏறியது. மாரடைப்பேதான் என்று முடிவுகட்டி, எந்தச் சட்டை போட்டு அடக்கம் செய்ய வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் தம்பியின் காரில் ஏறினேன்.

இருதயத்தில் கோளாறு இல்லை என்றார் டாக்டர். களியக்காவிளையில் மோட்டாரும் பைப்பும் விற்கிறவன் என்று தெரிந்ததும் என் தொழிலை வைத்தே விளக்கினார். கிணற்றுக் குழாயின் நுனியில் ஃபுட் வால்வு இருக்கிறதே, ஏறிய தண்ணீரைத் திரும்ப விடாமல் பிடிக்க? அதுபோல உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் வளையமாக ஒரு தசை. விழுங்கும்போது தளர்ந்து வழிவிடும், பிறகு இறுக மூடிக்கொள்ளும். நேரங்கெட்ட நேரத்தில் அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். இரைப்பைக்கு அதைத் தாங்கும் உள்பூச்சு உண்டு, உணவுக்குழாய்க்குக் கிடையாது. வயிறு உப்பினாலும் கொழுப்பு மிகுந்தாலும் தசை தளரும். அதோடு படுத்தும் விட்டால் அமிலத்துக்கு மேடேறும் சிரமமும் இல்லை.

நான் மாத்திரையோடு வீடு திரும்பினேன். மச்சினன் கதையோடு திரும்பினான்.

“எங்க அத்தான் ஒரு ஏப்பத்துக்குச் சவப்பெட்டி எடுக்கச் சொன்னவராக்கும்” என்று கல்யாண வீட்டில் சொன்னான், சாவு வீட்டிலும் சொன்னான். கடைக்கு வருகிறவர்கள், “அண்ணே, ஒங்க வால்வு மாத்தியாச்சா?” என்று கேட்டார்கள். சிரித்தேன். உள்ளே கறுவிக்கொண்டேன்.

அவன் புதுவீட்டுக்குப் பால்காய்ப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் பந்தியில் இலைக்கு இலை விளம்புவது உறவுக்காரர்கள். பாயச வாளியைக் கேட்டு வாங்கினேன். வீட்டுக்காரன் கடைசிப் பந்தியில்தான் உட்காருவான், கொலைப்பசியோடு. சம்பந்தக்காரர்கள் பார்த்திருக்க, அக்காள் புருஷன் ஊற்றுவதைக் கையால் மறிக்கவும் முடியாது.

“இன்னும் கொஞ்சம் விடட்டா மக்கா?”

“போதும் அத்தான்.”

“புதுவீட்டுக்காரன் போதும்னு சொல்லப்பிடாது.”

தேங்காய்ப்பால் மிதக்கும் அடைப்பிரதமன். பழமும் பப்படமும் பிசைந்து அவன் தின்னத் தின்ன, இலை விளிம்புவரை ஊற்றினேன். எழுந்ததும் புதுக்கட்டிலைக் காட்டி, “கொஞ்சம் சாயி மக்கா, ரெண்டு நாளா அலைஞ்சவனில்லியா” என்றேன், பெற்ற தாயைப் போல.

காப்பி கொடுக்கும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“அத்தான், உள்ள எரியுது. ஆஸ்பத்திரிக்குப் போவோமா?”

சொந்தபந்தம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ‘பெட்டிக்குச் சொல்லட்டுமா?’ என்ற ஒரு வரிக்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன். வாயைத் திறக்கும்போது அவன் நெற்றி வியர்வையைப் பார்த்துவிட்டேன். இது நிஜமாகவே இருதயமாக இருந்தால்? வரியை விட்டுவிட்டு அவனைக் காரில் ஏற்றினேன். கர்த்தரே, வெறும் பாயசமாக இருக்கட்டும் என்று வேண்டியபடி காரை விரட்டினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு என்னைத்தான் முதலில் படுக்க வைத்தாள். “எனக்கில்ல சிஸ்டர்” என்பதற்குள் சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டாள். என் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து ஸ்டூலிலிருந்து நீளமாக ஓர் ஏப்பம் கேட்டது. தெளிந்த முகத்தோடு மச்சினன் போனை எடுத்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் படம் ஏறியது: ‘அத்தானுக்கு மறுபடியும்.’

கிறிஸ்மஸுக்கு ஆட்டுக்கறி யார் வைப்பது என்று பேச்சு நடக்கிறது. நான் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், கொழுப்பாகப் பார்த்து.